கட்டாயம் நிரப்புக

வலயக் காரியாலயத்துச் சுற்றறிக்கை
வெள்ளிக்கு முன் என்றது.
தரம் பத்தும் பதினொன்றும், அறுபத்தொரு பிள்ளைகள்,
ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல்.
பாடமெல்லாம் இனி மேகத்தில்தான் டீச்சர் என்று
போனில் சிரித்தான் கம்பெனிப் பையன்.
அக்கரப்பத்தனையில் ஜூன் மாதம் அது.
மேகம் என் ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது.
மூன்று நாளாகத் துணி காயாதவளிடம்
சொல்லக்கூடாத பகிடி.

முதற்பெயர். சரி.
குடும்பப் பெயர். அங்கே அப்பாவை இருத்தினோம்.
ஜெனோஷாவின் அப்பா கொழும்பில் கோப்பை கழுவுகிறார்,
பெயராவது மகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.
பிறந்த திகதி. சரி.
வீட்டு இலக்கம். பக்கத்தில் சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
வீதி. அதற்கும் ஒன்று.

"டீச்சர், எங்க வீட்டு நம்பரு என்னா?"

எனக்குத் தெரிந்த நம்பர்கள்:
பள்ளிக்குப் பின்னால் தேயிலை பதினாலாம் நம்பர் மலை.
அவள் அம்மாவுக்குச் செக்ரோலில் முந்நூற்றுச் சொச்சம்.
கொழுந்துச் சாக்குக்கு உண்டு, லொறிக்கு உண்டு,
நிறுக்கிற தராசின் முதுகில்கூட வெள்ளைப் பெயின்டில் உண்டு.
காம்பராவுக்கு?
பணிய லயம், தொங்கல் வீடு,
குழாய்க்கு எதிர்த்தாற்போல், வாசலில் நாய் கட்டியிருக்கும்.
கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும்.
கிளாக்கருக்கு ஞாபகம் வந்தால் வீட்டுக்கு வரும்.

நேரமில்லை. எல்லோருக்கும் ஒரே இலக்கம் போட்டேன்:
1, டன்கிரேவ் தோட்டம், கீழ்ப்பிரிவு.
முப்பத்தெட்டாவது பிள்ளையில் திரை நின்றது.
ஒரே வீட்டில் இத்தனை பேரா,
சந்தேகத்துக்குரிய செயற்பாடு,
நீங்கள் மனிதர்தானா, நிரூபிக்கவும்,
போக்குவரத்து விளக்குள்ள படங்களைத் தொடவும்.
நிரோஜன் தெருவிளக்கைத் தொட்டான்.
போக்குவரத்து விளக்கை அவன் எங்கே கண்டான்,
இந்த ரோட்டில் பஸ்ஸே தன்னிஷ்டத்துக்குத்தான் நிற்கும்.
மூன்று தடவை தோற்றோம், மனிதர்களாக.

வியாழன் பின்னேரம் பிள்ளைகளிடமே விட்டேன்.
நீங்களே போடுங்கள், ஒன்றுபோல் இன்னொன்று வேண்டாம்.
கணினி அறையில் அப்படியொரு சத்தம்
நான் வந்த ஐந்து வருடத்தில் கேட்டதில்லை.
சவுக்குமர வீதி.
அட்டைக்கடி ஒழுங்கை.
ஹர்ஷிகா லண்டன் வீதி என்றாள், அழித்தேன்,
திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடியும் லண்டன்.
நிரோஜனுக்கு ஏழின் கீழ் பி; பி போட்டால் எடுப்பாக இருக்குமாம்.
மூலையில் கிஷாந்தன் சத்தமில்லாமல் எழுதினான்:
99, மண்சரிவு மேல்வீதி.
ஏன்டா தொண்ணூற்றொன்பது?
"நூறு போட்டா நம்பமாட்டாங்க டீச்சர்."

ரவுட்டரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
ஒருவன் மேசைமேல் நின்றான்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
பிறகு அறுபத்தொரு பச்சைச் சரி.
உண்மைக்குப் பூட்டிய கதவு
பொய்க்கு இவ்வளவு லேசாகத் திறந்ததில்
எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஆகஸ்டில் டேட்டா சிம் கொண்டு கூரியர் பையன் வந்தான்,
ஹெல்மெட்டுக்குள் மழையோடு.
மண்சரிவு மேல்வீதி எங்கே என்று
ஆபீசில் கேட்டானாம். அப்படி ஒன்று இல்லையாம்.
கொழுந்து நிறுக்கிற இடத்தில் கேட்டானாம்.
கிஷாந்தனின் அம்மாவே சொல்லியிருக்கிறாள்,
தெரியாதே தம்பி, இங்க ரோட்டே ஒண்ணுதான்.
அதற்குள் இவன் பணிய லயத்திலிருந்து
செருப்பில்லாமல் ஓடிவந்து, மூச்சு வாங்க,
இதுதான், இதுதான் அண்ணே என்று
தன் காலடிச் சேற்றைக் காட்டியிருக்கிறான்.
கையெழுத்துப் போட்டு வாங்கியும்விட்டான்.

என் கணக்கில் மட்டும் அதே பழைய இலக்கம் 1.
முப்பத்தேழு பிள்ளைகள்
ஒரு மணிநேரம் குடியிருந்த வீடு.
மாதம் ஒருமுறை திரை கேட்கிறது,
உங்கள் முகவரியைச் சரிபார்க்கவும்.
பிறகு பார்க்கலாம் என்பதை அழுத்திவிட்டு
வரவைப் பதிகிறேன்.